உடம்புச் சூடு

மலையுச்சிக்குக் கீழே இருந்த கல்வீட்டுக்கு நில அளவையாளரும் அவர் மனைவியின் தம்பியும் வந்து சேர்ந்தபோது நல்ல பகல். வெயில் இருந்தது, சூடுதான் இல்லை. கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாடை முகத்தில் அடித்தது.

“மாமா, இதுல மனுஷன் இருப்பானா?”

“மேல இருக்கிற எல்லைக்கல்லை அளந்துட்டா நாளைக்கே இறங்கிடலாம். வாயை மூடிட்டு வா மாப்ளே.”

மைத்துனன் வேலைக்குப் புதுசு. நல்ல பருமன், வெகுளி. “அவனைப் போன மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க” என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள். அவரும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

சுவர் ஆணியில் ஒரு ஜி.பி.எஸ். கருவி தொங்கியது. முன்பு வந்த குழுவில் ஒருவர் பனிமூட்டத்தில் சிக்கி விறைத்துப் போனார் என்று அளவையாளர் கேள்விப்பட்டிருந்தார். தேடிப் போனவர்கள் அவருடைய கருவியைக் கொண்டுவந்து மாட்டியிருக்க வேண்டும். “சும்மாதானே தொங்குது” என்று மைத்துனன் அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

எல்லைக்கல்லை அளந்து முடித்தபோது பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. பாதையோ ஒற்றையடி, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். அந்த நேரம் பார்த்து அவர்கள் கொண்டுவந்திருந்த ஜி.பி.எஸ். கருவி அணைந்தது.

குளிர்மலையில் வேலை செய்பவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரியும். குளிர் பட்ட பேட்டரி செத்ததுபோல் கிடக்கும், அக்குளில் வைத்துச் சூடேற்றினால் கொஞ்ச நேரம் உயிர் பிடிக்கும். அவரும் வைத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

அப்போது மைத்துனனின் சட்டைக்குள் ஏதோ கூவியது.

ஆணியில் தொங்கிய கருவிதான். திரையில் வெளிச்சம், ஒரே ஒரு கோடு சார்ஜ், கல்வீட்டுக்கு வழி காட்டும் அம்பு.

“பழைய பேட்டரி உன் சூட்டுல முழிச்சுக்கிச்சுடா! உன் உடம்புல இருக்கிற கொழுப்புக்கு ஊருக்கே விளக்கு எரியும்.”

மைத்துனன் சிரித்தான். வெளியே எடுத்தால் மங்கியது, சட்டைக்குள் வைத்தால் தெளிந்தது. வைத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். இரண்டு கோடு. மூன்று கோடு.

முதலில் அவனுக்குப் பல் தந்தியடித்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“மாமா... உள்ள இருந்து யாரோ உறிஞ்சற மாதிரி இருக்கு. இதை எடுத்துடுங்களேன்.”

எடுத்தார். கருவி கொதித்தது. அவனுடைய மார்பு பனிக்கட்டியாக இருந்தது. சந்தேகத்தில் பின்மூடியைத் திறந்து பார்த்தார்.

உள்ளே பேட்டரி இல்லை.

ஒன்றுகூட இல்லை.

அதைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். விலா எலும்புகளுக்கு நடுவே ஈர உதடுகள் ஒட்டின. நாலு எட்டு தாங்கவில்லை, பிடுங்கி வெளியே எடுத்தார். திரை மங்கியது. அம்பு மறைந்தது. காலடியில் புரண்ட கல் ஒன்று பள்ளத்தில் விழுந்தது, விழுந்த சத்தமே கேட்கவில்லை.

அவருக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. வீட்டில் மனைவி சொன்னதெல்லாம் அந்தப் பயத்துக்கு முன்னால் எம்மாத்திரம்?

“வேணாம் மாமா,” என்று கிசுகிசுத்தான் மைத்துனன்.

“இன்னும் கொஞ்ச தூரம்தான் மாப்ளே.”

கருவியை அவன் மார்பில் வைத்து, சட்டைப் பொத்தான்களை அவரே போட்டுவிட்டார். கழுத்துப் பொத்தான்வரை போட்டார். அவன் கையைத் தூக்கித் தடுக்கப் பார்த்தான், கை எழவில்லை.

கல்வீட்டுக் கதவை அவர் தொட்டபோது நாலு கோடும் நிறைந்திருந்தன. தோளில் சாய்த்து இழுத்து வந்தவன் கட்டையாக விறைத்திருந்தான். கண் திறந்தபடி இருந்தது. அவர் கருவியைப் பிடுங்கிக் கல்லால் நசுக்கிப் பள்ளத்தில் எறிந்தார். பிறகுதான் அழுதார்.

ஊர் திரும்பியதும், “உங்க மேல தப்பில்லைங்க. குளிர் கொன்னுடுச்சு,” என்றாள் மனைவி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

மலையிலிருந்து வந்த நாளாக அவர் செல்போனைச் சார்ஜில் போடவில்லை. எங்கே தோன்றியது? சட்டைப்பையிலேயே கிடந்தது. இன்று மதியம் மகள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, அதை எடுத்துப் படம் பார்க்க ஆரம்பித்தாள். எதேச்சையாக எட்டிப் பார்த்தார்.

நூறு சதவீதம்.

மகளின் உதடு நீலமாக இருந்தது.

“அப்பா, உங்க மடி ஏன்பா இப்படிக் குளிருது?”

அவளை இறக்கிவிடத்தான் நினைத்தார். அவருடைய கைகள் அவளை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டன.