உதிராத முடி

இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பிறகும் ஜோபிச்சனின் தலையில் ஒரு முடிகூட உதிரவில்லை.

குளியலறையில் குனிந்து தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்தான். சோப்பு நுரை மட்டும் சுழன்று இறங்கியது. மனைவி லிஸ்ஸம்மா கதவருகே நின்று சிரித்தாள்.

"மாதா காப்பாத்திட்டா, இச்சாயா. சர்ச்சுல நேர்ச்சை சொல்லியாச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. உடம்பில் வேகமாக வளர்வது எதுவோ அதைக் கொல்லும். புற்றுக்கட்டி வேகமாக வளரும். முடியின் வேரும் அப்படித்தான். அதனால்தான் இரண்டும் சேர்ந்து அழியும். முடி போகவில்லையென்றால் மருந்து உள்ளே போகவில்லை. அவன் கண்டதெல்லாம் அதுதான். கோட்டயத்து ஆஸ்பத்திரியில் பல வருடங்களாக அதைக் கலந்து கொடுத்தவனே அவன்தான்.

வெளிச்சம் பட்டால் அந்தச் சிவப்பு மருந்து கெட்டுப்போகும். அதனால் மருந்துப் பையின்மேல் கறுப்பு உறை மாட்டுவார்கள். அந்த உறைதான் அவனுக்கு வசதி. கால் பங்கு மருந்து, மீதி உப்புநீர். குழாயில் ஓடும் சிவப்பு சற்று வெளுத்திருந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? மிச்ச மருந்து பின்வாசல் வழியாக வெளியே விலைக்குப் போனது.

அவன் கலந்ததை ஏற்றிக்கொண்டவர்களில் ஒருத்தி அன்னக்குட்டி டீச்சர். அவளுக்கு இடுப்புவரை முடி. கடைசிவரை கொட்டவில்லை. குடும்பமே கொண்டாடியது. மருந்து கொடுக்கும் சன்னல் வழியாக அவள் ஒரு பொட்டலம் அச்சப்பம் நீட்டினாள்.

"உன் கைராசிதான் மோனே. வேற யாரு கலந்தாலும் எனக்கு வேணாம்."

அவன் வாங்கித் தின்றான். சில மாதங்களில் அவளுடைய அடக்கத்துக்கும் போனான். சவப்பெட்டியில் அந்த முடியை இரண்டாகப் பிரித்து நெஞ்சின்மேல் போட்டிருந்தார்கள். மெழுகுவர்த்திப் புகையையும் மீறி, துளசி போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணத்தது.

இப்போது கட்டி அவன் கழுத்தில். அதே ஆஸ்பத்திரி, அவனுக்குக் கலப்பது மட்டும் வேறு ஆள். தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவில் இருந்தது, கோழிமுட்டை அளவாகியிருந்தது. கலவையைச் சோதிக்கச் சொல்லலாம். சொன்னால் அவன் கலந்தவற்றையும் தோண்டுவார்கள். டாக்டரிடம் முடி கொட்டவில்லை என்று மட்டும் சொன்னான். சிலருக்குக் கொட்டாது, அதிர்ஷ்டம் என்றார் அவர்.

மூன்றாம் முறை, நர்ஸ் பிந்துவிடம் உறையைத் தூக்கிக் காட்டச் சொன்னான்.

"கலக்குற ஆளுக்கே நம்பிக்கை இல்லன்னா நாங்க எங்க போறது, சேட்டா?" என்றபடி தூக்கினாள்.

செக்கச்செவேல். கொஞ்சமும் வெளுக்கவில்லை. அந்தச் சிவப்பு குழாயில் வளைந்து இறங்கி, புறங்கை ஊசிவரை வந்து உள்ளே நுழைவதை, வாய் புண்ணாகாமலிருக்க ஐஸ் துண்டைச் சப்பியபடி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மருந்து இறங்கினால் சிறுநீரும் சிவக்கும். முடிந்ததும் கழிப்பறைக்கு ஓடினான்.

தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தான். வெளியே மதிய மழை ஓட்டின்மேல் ஒரே சீராக இரைந்தது. ஈரச் சுவரின் வாடையும், சமையலறையிலிருந்து மீன் குழம்பின் புளிப்பும் கலந்து வந்ததில் கண் சொருகியது.

விழித்தபோது தலையணையில் முடி கிடந்தது.

"லிஸ்ஸம்மா, கொட்டுதுடி!" என்று கத்தினான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

முடியைக் கையில் எடுத்தான்.

நீளம். அவன் கையைவிட நீளம். பாதி நரைத்தது. துளசி வாசம்.

தலையைத் தடவினான். அவன் முடி அப்படியே இருந்தது.

கையிலிருந்ததன் மறுநுனியைத் தேடினான். தலையணையைத் தாண்டி, போர்வைமேல் ஊர்ந்து, அவன் புறங்கைக்கே திரும்பியது. ஊசி குத்திய இடத்துப் பிளாஸ்டருக்கு அடியில் நுழைந்தது.

விரலில் சுற்றி இழுத்தான். ஈரமாக வந்தது. இன்னும் இழுத்தான்.

கழுத்தில் கட்டி அசைந்தது.

கையை நிறுத்தினான். முடி நிற்கவில்லை. விறைத்தது. விரலை இறுக்கியது.

பிறகு, உள்ளேயிருந்து, யாரோ ஒருத்தி நிதானமாக, பின்னல் போடுகிறவள்போல, இழுக்கத் தொடங்கினாள்.