கூடையில் கையை விடு!

"ஐயோ... எய்ட்ஸ் ரத்தத்தக் கலந்து குடுத்து எங்க பெரியப்பாவக் கொன்னுட்டாளே!"

மடுகரைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது.

மளிகைக்கடை கமலக்கண்ணன் கல்லா மேசையில் கவிழ்ந்து கிடந்தார். வாயோரம் நுரை!

கத்தியது அவருடைய தம்பி மகன் கணேஷ்குமார்.

ஜீப்பிலிருந்து குதித்தாள் சப்-இன்ஸ்பெக்டர் வினோதினி. சட்டென்று நின்றாள்.

பிணத்தைப் பார்த்தல்ல...

கடை வாசலில் பிளீச்சிங் பவுடரால் ஒரு வட்டம். கொளுத்தும் வெயிலில் அதற்குள் நின்றாள் கடையில் வேலை செய்யும் செல்வகுமாரி. விரலில் துணிக்கட்டு. தலையெல்லாம் பவுடர். சுற்றிலும் மூக்கைப் பொத்திய கூட்டம்.

"வட்டம் போட்டது எவன்?"

"நான்தான் மேடம்!" நெஞ்சை நிமிர்த்தினான் கணேஷ்குமார். "அவளுக்கு எச்.ஐ.வி.! வெரல அறுத்துக்கினு அதே கையால டீ போட்டா. பெரியப்பா குடிச்சாரு... அவ்ளோதான்!"

கூட்டத்திலிருந்து கலியம்மாள் அலறினாள்.

"நானும் இவ கையால பருப்பு வாங்கித் தின்னேனே! நானும் செத்துடுவேனா?"

"எப்போத்திலேர்ந்து வாங்கறே?" என்றாள் வினோதினி.

"இவ வேலைக்கு வந்ததிலேர்ந்து!"

"இன்னும் இந்தக் கத்து கத்தறியே... சாகமாட்டே, போ!"

வினோதினி வட்டத்தை பூட்ஸால் கலைத்தாள். செல்வகுமாரியின் கையைப் பிடித்தாள்.

"மேடம்!" கான்ஸ்டபிள் பிரிட்டோ பதறினான். "உங்க வெரல்லயும் கீறல் இருக்கே!"

"அது நேத்து கரும்புத் தோகை கிழிச்சது. காஞ்சிபோச்சு. கையப் புடிச்சா இது வராதுய்யா. டீயிலயும் வராது. அப்படியே வந்தாலும் எச்.ஐ.வி. ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஆளக் கொல்லாது. நீ சொல்லும்மா."

"டீய மேசையில வச்சிட்டு வேற கிளாஸ் கழுவப் பின்னால போனேன். அது வுடைஞ்சு கிழிச்சிடுச்சி. ரத்தம் தொடச்ச துணிய வந்து கூடையில போட்டேன். அப்பறந்தான் ஐயா டீய எடுத்தாரு." அவள் உள்ளே கிடந்தவரைப் பார்த்தாள். "விஷயம் தெரிஞ்சும் தெனம் என் கையால குடிச்சவரு மேடம்..."

"நீ பின்னால போனப்ப டீ பக்கத்துல யாரு?"

"இந்தத் தம்பி மட்டுந்தான். ஐயா வெளியில ஆள்கிட்ட பேசிக்கினு இருந்தாரு."

வினோதினி கடைக்குள் நுழைந்தாள். பினாயில் நாற்றம் முகத்தில் அறைந்தது. கிளாஸ், மேசை, தரை... எல்லாம் பளபள!

"கழுவுனது?"

"நான்தான். கிருமி இருக்குமில்ல?"

"எல்லாத்தையும் கழுவிட்டே. மூலையில இருக்கிற குப்பைக்கூடைய மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டே?"

கணேஷ்குமார் ஓரடி பின்வாங்கினான்.

"அதுல... அவ ரத்தத் துணி..."

"நீதான் சுத்தக்காரனாச்சே! கைய வுட்டு எடு."

"மாட்டேன்!"

"பிரிட்டோ... அவன் கையப் புடிச்சு உள்ள வுடு!"

"வேணாம் மேடம்! சொல்லிடறேன்! கரும்புக்கு அடிக்கிற பூச்சிமருந்துதான்... பாட்டில் அந்தத் துணிக்கு அடியில இருக்குது! எனக்கு எழுதுன உயில மாத்தி, கடைய மக அனுப்பிரியாவுக்கு எழுதி வைக்கிறேன்னாரு... அதான்..."

மீதியையும் கக்கினான்.

மருந்தை டீயில் ஊற்றியதும் காலடிச் சத்தம். பாட்டிலைக் கூடையில் போட்டான். வந்தவள் அதன்மேல் ரத்தத் துணியைப் போட்டாள்... அதன்பிறகு அந்தக் கூடைப் பக்கமே அவனால் போக முடியவில்லை!

வினோதினி கையுறை மாட்டினாள்.

"நீங்களும் பயப்படறீங்களே மேடம்!" என்றான் பிரிட்டோ.

"ரத்தத்தத் தொடறப்ப யாரு ரத்தமானாலும் இதப் போடணும்யா. அதோட, பாட்டில்ல இவன் ரேகை அழியக்கூடாது பாரு."

பாட்டில் வெளியே வந்தது. பவுடர் தலையோடு செல்வகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்திய கைகள் ஒவ்வொன்றாய் இறங்கின. மன்னிப்புக் கேட்க மட்டும் ஒரு வாயும் திறக்கவில்லை. த்தூ!

பிரிட்டோ விலங்கை நீட்டினான். கணேஷ்குமார் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"மேடம்... இத இதுக்கு முன்ன யாருக்கு மாட்டுனீங்க? கொஞ்சம் தொடச்சிட்டு..."

வினோதினியே வாங்கி, 'க்ளிக்'கென்று பூட்டினாள்.

"பயப்படாதேடா... வெலங்குலயும் எச்.ஐ.வி. பரவாது!"