இடப்பக்க இருக்கை

காலை ஏழு பத்து. பஷீரின் ஃபோனில் இருந்த இருபத்துமூன்று கட்டடப் படங்களின் மூலையிலும் அதே நேரம். ஒரு நிமிடம் முன்னே, ஒரு நிமிடம் பின்னே.

"மாசாமாசம் ஒண்ணாந்தேதி பில்டர் ஆபீஸ்லருந்து வரும் சார். மே மாசத்தோட நின்னுபோச்சு," என்று அரங்கநாதனிடம் முறையிட்டார் பஷீர் அகமது.

ரியாத்தில் லாரி ஓட்டுகிறவர். இறந்துபோன மனைவி ஷர்புன்னிசாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்காக ஊருக்கு வந்திருந்தார். இன்னும் கட்டாத அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு முழுப் பணமும் கட்டியவர். படங்களில் தூண் எழுந்தது, தளம் போட்டார்கள், சுவர் பூசினார்கள்.

"நேர்ல போனா கச்சிராயபாளையம் ரோட்டுல வெறும் முள்ளுக்காடு. ஆபீஸ் பூட்டி ரெண்டு வருஷமாச்சாம். நம்பர் மாறிடுச்சுன்னு என் சம்சாரம்தான் புது நம்பர் வாங்கிக் குடுத்தா. அதுவும் இப்ப ஆஃப். எந்தப் பாவி அனுப்பினான்னு தெரியணும்."

"பில்டரோட மச்சான்தான்! அவன் முழியே சரியில்ல," என்றார் பத்திரம் எழுதும் காசிநாதன்.

"ஒன் முழியயும்தான் பாத்துக்கினு இருக்கேன்," என்றார் அரங்கநாதன். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்காமல் எதையும் சொல்லமாட்டார்.

மறுநாள் அரங்கநாதனும் காசிநாதனும் பஷீரின் வீட்டுக்குப் போனார்கள். அரங்கநாதன்தான் பேச்சை எடுத்தார்.

"படத்துல இருக்குற கட்டடம் கெடச்சிடுச்சு பாய். சின்னசேலம் ரோட்டுல யாரோ கட்டுற லாட்ஜு. எல்லாப் படத்துலயும் ஓரமா ஒரு கம்பி ஓடுது. பஸ் ஜன்னல் கம்பி. இங்கருந்து போற டவுன் பஸ் ஏழு பத்துக்கு அந்த எடத்தத் தாண்டுது. லாட்ஜு இடப்பக்கம். டவுன் பஸ்ல இடப்பக்கம் யாரு ஒக்காருவா காசி?"

"பொம்பளைங்க."

"நீ சொன்ன மச்சானுக்கு அங்க எடமில்ல."

"அப்ப ஆபீஸ்ல வேலை பாத்த பொம்பளை!"

"பூட்டின ஆபீஸுல இன்னா வேலை? பணத்த முழுசா வாங்கிட்டுப் போனவனுக்குப் படம் அனுப்பி ஆவப்போறது இன்னா? ஏமாத்தினவன் வேற. படம் அனுப்பினது வேற ஆளு." அரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். "பாய், இந்த வூடு இல்லன்னா இன்னா ஆவும்னு உங்க வூட்டம்மாகிட்ட எப்பனா சொன்னீங்களா?"

பஷீர் சுவரைப் பார்த்தார்.

"ஒருவாட்டி சொன்னேன். அத நெனச்சிக்கினுதான் உசுரோட கெடக்குறேன், அது இல்லன்னா ரியாத்துலயே தூக்குல தொங்கிடுவேன்னு."

கடைசிப் படம் மே ஒன்றாம் தேதி. ஷர்புன்னிசா மௌத்தானது ஒன்பதாம் தேதி. காசிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளுடைய ஃபோனை எடுத்துவரச் சொன்னார் அரங்கநாதன். அதில் இரண்டு சிம் இருந்தன. ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயங்க வைத்துவிட்டு ஃபோனைப் பஷீரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"காசி, அந்தப் புது ஆபீஸ் நம்பருக்கு அடி."

காசிநாதன் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக அழுத்தினார்.

பஷீரின் உள்ளங்கையில் ஃபோன் அதிர்ந்தது. அவர் எடுக்கவுமில்லை, துண்டிக்கவுமில்லை. அது அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது.

"போன வருசம் சமையக்கட்டு ஜன்னலுக்குப் பச்ச பெயிண்டு அடிக்கச் சொல்லுன்னு அவகிட்ட சொன்னேன் சார். அடுத்த மாசப் படத்துல பச்சையா இருந்துச்சு. அதுக்கு அந்த லாட்ஜுல யாருகிட்ட போயி கெஞ்சியிருப்பா சார்?"