தோளில் ஒரு பால்கறை

வணிக வகுப்பு இருக்கை விறகுக்கட்டை போலச் சென்னியப்பனின் முதுகைக் குத்தியது. அதற்காகத்தான் அவர் மூன்று மடங்கு கட்டணம் கொடுத்திருந்தார். திரைக்குப் பின்னால், சாதாரண வகுப்பு மெத்தைகளில் மற்றவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலத்தில் வியாபாரிகள் பறப்பதையே விட்டிருந்தார்கள். வீட்டிலிருந்தபடியே, தங்களைப் போலவே தோன்றும் மெய்ந்நிழலைக் கூட்டங்களுக்கு அனுப்பினார்கள். விமான நிறுவனங்கள் ஈயோட்டின. பிறகு மெய்ந்நிழல்கள் தாங்களாகவே பேசவும் சத்தியம் செய்யவும் கற்றுக்கொண்டன. யாரும் யாரையும் நம்பவில்லை. நிழலுக்குக் களைப்பு வராது என்பதால் களைப்புமானி வந்தது. கண்ணையும் நாடியையும் பார்த்து, ஒருவர் எவ்வளவு அலைந்து வந்திருக்கிறார் என்று அது எண் சொல்லும். எழுபதுக்குக் கீழே போனால் கூட்டக் கதவு திறக்காது. விமான நிறுவனங்கள் உடனே மெத்தைகளைப் பின்னுக்கும் கட்டைகளை முன்னுக்கும் மாற்றிவிட்டன.

டொரொண்டோ ஆர்டர் கிடைக்காவிட்டால் பீளமேட்டில் சென்னியப்பனின் பம்புப் பட்டறைக்குப் பூட்டுத்தான். கண்ணை மூடாமல், "முருகா, முருகா" என்று நெளிந்துகொண்டிருந்தார்.

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. நிற்கவே இல்லை. அவர் எழுந்து போனார்.

"கொடுங்க அம்மிணி, செத்த நேரம் நான் வெச்சிருக்கறனுங்க."

அந்தத் தாய் கண்ணே திறக்க முடியாமல் கொடுத்தாள். குழந்தை அவர் தோளில் பாலைக் கக்கிவிட்டுத் தூங்கியது. அருகே காலியாக இருந்த மெத்தையில் சற்றே சாய்ந்தவர், அதன் மூச்சுச் சூட்டில் தாமும் தூங்கிப்போனார். விமானம் இறங்கும்போதுதான் விழித்தார்.

"ஐயோ சார், என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று பணிப்பெண் ரெஜினா தலையில் கைவைத்தாள்.

டொரொண்டோவில் களைப்புமானி நாற்பத்தொன்று என்றது. கதவு அசையவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நின்ற தவமணி அம்மா, பம்பு வாங்கவிருந்தவர், அவரை உற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, உங்கட தோளிலை என்ன?"

"குழந்தை கக்கிருச்சுங்க. சட்டை மாத்த நேரமில்லீங்க."

"உங்கட பிள்ளையோ?"

"இல்லீங்க. பிளைட்டுல அழுதுட்டே இருந்துச்சுங்க."

தவமணி அம்மா குனிந்து மோந்தார். புளித்த பால்மணம். "இந்த மிசினுக்கு மூக்கில்லை, தம்பி" என்று சிரித்தபடி, கதவைத் தம் கையாலேயே தள்ளித் திறந்தார்.

பட்டறை பிழைத்தது. கதை பரவியது.

அடுத்த பயணத்தில் ரெஜினா ஒரு தெளிப்பானோடு வந்தாள். "சார், தோள்கறை போட்டுவிடட்டுமா? புளிச்ச வாசனைக்கு மட்டும் தனிக் கட்டணம்."

சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு கோட்டின் தோளிலும் அளவெடுத்தாற்போல் ஒரு வெள்ளைக் கறை.

திரைக்குப் பின்னால் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

"அழட்டும், நல்லதுதான். தூக்கம் கெட்டா அளவு ஏறும்" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

சென்னியப்பன் எழுந்தார்.

"சார், போன தடவை மாதிரி ஆயிடும். இப்ப எல்லார் தோளிலயும் இருக்கறதால கறையையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள் ரெஜினா.

"நம்பாட்டிப் போறாங்க அம்மிணி."

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். கறை படாதபடி தோளில் விரித்துக்கொண்டு, திரையை விலக்கினார்.