நாற்பத்தெட்டாம் ரிஜிஸ்டரில் ஒரு பிணம்!

"ஐயோ...!"

செக்யூரிட்டி அம்மாவின் அலறல் சோப்பு ஃபேக்டரியின் மூன்று மாடிக்கும் கேட்டது.

பகல் பன்னிரண்டு மணி. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தவர் பேனாவைக் கீழே நழுவவிட்டார். அவருக்கு ஃபேக்டரியில் 'ரிஜிஸ்டர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அடுத்த விநாடி போன் அடித்தது.

"சார்... மேனேஜர் சாரைக் காணோம் சார்! பத்து மணி வாக்குல ஸ்டோர் பக்கம் ஓடினாரு. இப்ப காரிடார்ல ஒத்தை ஷூ கெடக்கு... மூக்குக் கண்ணாடி உடைஞ்சு கெடக்கு... போன் ஸ்விட்ச் ஆஃப்!"

"வீட்டுக்குப் போயிருப்பாரும்மா."

"ஒத்தை ஷூவோடயா சார்?"

நியாயமான கேள்வி!

"ஆளைக் காணோம்னதும் அப்பவே போலீஸுக்குச் சொல்லிட்டேன் சார். இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. உங்க மச்சான்தான். படியேறிட்டு இருக்காரு..."

ரிஜிஸ்டர் மேஜை மேல் கிடந்த ஒரு காகிதத்தை அவசரமாக டிராயருக்குள் தள்ளினார்.

மறைக்கமாட்டாரா பின்னே? காலை ஒன்பது மணிக்குத்தான் மேனேஜர் அவர் கையில் ஒரு மெமோவைத் திணித்திருந்தார். 'ஸ்டோரில் வயர்லெஸ் சென்சார்கள் காணாமல் போகின்றன. பொறுப்பாளர் நீங்கள். ஏழு நாளில் கண்டுபிடித்துத் தராவிட்டால் வேலை இல்லை.'

"நானா திருடன்? உங்களை ஒழிச்சுக் கட்டாம ஓயமாட்டேன்!" என்று நாற்பது பேர் நடுவில் கத்தியிருந்தார் ரிஜிஸ்டர்.

முப்பத்தொன்பது பேர் கைதட்டினார்கள். அத்தனை பேரும் இப்போது சாட்சிகள்!

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ரிஜிஸ்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆறடி உயரம். மீசை தனி.

"என்ன மாப்ளே, மேனேஜரை ஒழிச்சுக் கட்டறேன்னு சொன்னீங்களாமே?"

"ஒரு கோபத்துல சொன்னேன் மச்சான்..."

"கோபத்துலதான் சொல்லுவாங்க. தொண்ணூத்தெட்டுல ஒரு கேஸ். ஒருத்தன் இப்படித்தான்..."

கேஸ் கால் மணி நேரம் ஓடியது. தொண்ணூத்தெட்டில் ஆரம்பித்து இரண்டாயிரத்து மூன்றுக்குள் நுழைந்தபோது, ரிஜிஸ்டரின் கண்கள் தப்பிக்க வழி தேடித் திரைக்குப் போயின.

போன கண்கள் அங்கேயே நின்றன!

நாற்பத்தெட்டு... 33.6!

"மச்சான்... இங்க ஒரு நம்பர் இருக்கு!"

"நம்பர்னா இருக்கத்தானே செய்யும்?"

"இங்க இருக்கக் கூடாது!"

இந்த இடத்தில் ரிஜிஸ்டரின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். ஃபேக்டரி முழுக்கச் சென்சார்கள். எந்த அறை எவ்வளவு சூடு, எந்தத் தொட்டியில் எவ்வளவு எண்ணெய், எந்தக் கதவு திறந்திருக்கிறது... எல்லாம் வயரே இல்லாமல் காற்றில் சேதியாக வரும். கேட்வே என்ற பெட்டி அவற்றை வாங்கி, நம்பர் போட்ட கட்டங்களில் போட்டுவைக்கும். அந்தக் கட்டங்கள்தான் ரிஜிஸ்டர்கள். வருகிற சேதி இன்புட். போகிற உத்தரவு அவுட்புட். இன்புட் பன்னிரண்டில் சூடு அதிகமென்று சேதி வந்தால், அவுட்புட் பன்னிரண்டில் ஒன்று என்று எழுத வேண்டும். அங்கே ஃபேன் ஓடும். பூஜ்யம் எழுதினால் நிற்கும்.

எந்தச் சேதிக்கு எந்தக் கட்டம் என்று ஒழுங்குபடுத்துவது நம் ஆளின் வேலை. இன்புட்டுக்கும் அதன் அவுட்புட்டுக்கும் ஒரே நம்பர்தான் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பது வரை, நாளைக்கு ஆகுமென்று காலி. இதையெல்லாம் நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகமாக எழுதி எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார். கேண்டீனில் ஆடுகிற மேஜைக்கு அது அளவாக இருந்தது.

"காலிக் கட்டம் மச்சான். எந்தச் சென்சாரும் கிடையாது. ஆனா டெம்பரேச்சர் வருது!"

"பழைய கணக்கைக் காட்டுங்க."

காட்டினார். காலை பத்து மணி வரை 37.5. அதற்குப் பிறகு இறங்குமுகம். 36.8... 35.4... 33.6...

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"முப்பத்தேழு டிகிரின்னா என்ன தெரியுமா மாப்ளே?"

"எ... என்ன?"

"மனுஷ உடம்பு! அப்புறம் ஏன் இறங்குது?"

"ஏன்?"

"உயிர் போயிடுச்சு! பாடி ஆறிட்டு இருக்கு!"

செக்யூரிட்டி அம்மா வாசலில் நின்று இரண்டாவது முறை அலறினார்.

"அந்த அரை டிகிரி எதுக்கு மச்சான்?"

"சாகறப்ப லேசா ஜுரம் இருந்திருக்கு. பாவம்."

ரிஜிஸ்டர் சிரிக்கவில்லை. பத்து மணி என்ற இடத்திலேயே அவர் விரல் திரையில் நின்றுவிட்டது.

மனசு சரியில்லாவிட்டால் சிலர் அலமாரியை அடுக்குவார்கள். இவர் ரிஜிஸ்டரை அடுக்குவார். மெமோ வாங்கிய எரிச்சலில் காலையில் உட்கார்ந்து அடுக்கியபோது, அவுட்புட் நாற்பத்தெட்டில் ஒன்று என்று இருந்தது. காலிக் கட்டத்தில் இது என்ன குப்பை என்று, இன்புட் பக்கத்தைப் பார்க்காமலே பூஜ்யம் எழுதினார்.

சரியாகப் பத்து மணிக்கு!

எதையோ நிறுத்திவிட்டார். எதை? யாரை?

"மச்சான்... கொன்னது நான்தான்னு நினைக்கறேன்!"

"அவசரப்படாதீங்க. நான் கேட்ட பிறகு சொல்லணும். அதான் முறை."

ரிஜிஸ்டர் அவுட்புட் நாற்பத்தெட்டில் மறுபடி ஒன்று எழுதப் போனார்.

"கையை எடுங்க! அது தடயம்!"

"உயிர் இருந்தா காப்பாத்தலாமே!"

"முதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம். எங்கேயிருந்து வருது இந்தச் சேதி?"

ரிஜிஸ்டரின் மூளை பயத்திலும் வேலை செய்தது. தொழில் பழக்கம்.

"எல்லாச் சென்சாருக்கும் கேட்வே வரைக்கும் குரல் எட்டாது மச்சான். பக்கத்துச் சென்சார்கிட்ட சொல்லியனுப்பும். நாற்பத்தெட்டோட சேதி முப்பத்தொண்ணு வழியா வருது."

"முப்பத்தொண்ணு எங்க இருக்கு?"

"பழைய லேபிள் ரூம் பக்கத்துல... ஸ்டோர் காரிடார்ல!"

மூவரும் ஓடத் திரும்பினார்கள். அப்போதுதான் ரிஜிஸ்டர் கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தார்.

33.6 இல்லை.

33.9!

கண்ணைக் கசக்கினார். 34.2!

"மச்சான்... ஏறுது!"

"என்ன ஏறுது?"

"செத்தவர் சூடாகறாரு!"

இன்ஸ்பெக்டர் வாய் பிளந்தார். முப்பது வருஷ சர்வீஸில் இதற்கு உதாரணமாகச் சொல்ல அவரிடம் ஒரு கேஸ்கூட இல்லை.

ஓடினார்கள்.

காரிடாரில் சோப்புத் தண்ணீர் சிந்தியிருந்தது. ஒற்றை ஷூ. உடைந்த கண்ணாடி. வழுக்கிக்கொண்டே போன கால் தடம் ஒன்று லேபிள் ரூம் கதவில் போய் முடிந்தது. கதவு உள்பக்கம் தாழ்!

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை எடுத்தார். கதவில் காது வைத்தார்.

உள்ளே...

கீச்!

"யாரோ கழுத்தை நெரிக்கறாங்க!" என்றார் இன்ஸ்பெக்டர். தோளால் ஓர் இடி. இரண்டாவது இடியில் கதவு திறந்தது. கூடவே இன்ஸ்பெக்டரும் உள்ளே விழுந்தார்.

தரையில் மேனேஜர் குப்புறக் கிடந்தார். மேலே சட்டை இல்லை. சட்டை, பனியன், பழைய சாக்கு எல்லாம் அவரைச் சுற்றி அணை கட்டியிருந்தன. வயிற்றுக்கு அடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி.

"சார்!" என்று ரிஜிஸ்டர் அலறினார்.

மேனேஜர் தலையைத் தூக்கினார். உதட்டில் விரல் வைத்தார்.

"ஷ்ஷ்ஷ்... சத்தம் போடாதீங்க. இருபத்தோராவது நாள்!"

கீச்! கீச்!

வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

கோழிக்குஞ்சு!

"இருபத்திரண்டு முட்டை சார்," என்றார் மேனேஜர், தரையிலிருந்தபடியே. "என் சம்சாரத்துக்குக் கோழின்னா ஆகாது. வீட்ல வைக்க முடியாது. எனக்குச் சின்ன வயசு ஆசை... ஒரு ஹீட்டர், ஒரு சென்சார். முப்பத்தேழரைல வச்சிருந்தேன். இன்னிக்கு வந்து பாத்தா ஹீட்டர் அணைஞ்சு போச்சு! ஓடிப் போய்ச் சாக்கெல்லாம் கொண்டாந்து சுத்தியும் சூடு இறங்கிட்டே போச்சு. கன்ட்ரோல் ரூம்ல போய்க் கேக்க முடியுமா? ஸ்டோர் கணக்கு இடிக்குதேன்னு பயந்து காலைலதான் இவருக்கு மெமோ குடுத்தேன். அதான்... கடைசியில நானே படுத்துட்டேன்."

"அடைகாத்தீங்களா?"

"வேற வழி?"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உறையில் போட்டார். ரிஜிஸ்டர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. கூடவே கோபமும்.

"அப்ப சென்சாரை எடுத்தது நீங்க! திருட்டுப் பட்டம் எனக்கா? மச்சான், எழுதுங்க புகார்!"

"தாராளமா! ஆனா ஒரு சந்தேகம். இவருக்கு உங்க ரிஜிஸ்டர்ல எழுதத் தெரியுமா?"

"தெரியாதே! யாருக்குமே தெரியாதே!"

"புத்தகத்தைப் படிச்சேன்," என்றார் மேனேஜர்.

"எந்தப் புத்தகம்?"

"உங்க புத்தகம். ரெண்டு தடவை."

ரிஜிஸ்டர் அசையாமல் நின்றார். ஆறு வருஷம். நாற்பது பிரதி. முதன்முதலாக ஒரு வாசகன், சட்டையில்லாமல் தரையில் கிடந்தான்.

"நூத்திப் பன்னண்டு பக்கமுமா?"

"முப்பத்திநாலாம் பக்கம் இருக்கே... நாளைக்கு வர்றவனுக்கு இன்னிக்கே இடம் விடுன்னு எழுதியிருக்கீங்களே... அதைப் படிச்சிட்டு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

ரிஜிஸ்டருக்கும் கலங்கியது. அடக்கிக்கொள்ளவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"மச்சான்... புகார் வேண்டாம்."

"என்னது?"

"படிச்சிருக்காரு மச்சான்! சார், நீங்க எழுந்திருங்க. நான் போய் ஹீட்டரைப் போடறேன். அலாரமும் சேத்துத் தர்றேன். இருபத்திரண்டுக்கும் நான் பொறுப்பு!"

"மெமோவைக் கிழிச்சுடறேன்," என்றார் மேனேஜர், நெகிழ்ந்து. நெகிழ்ந்த மனிதர் அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசகராயிற்றே, நிறுத்தவில்லை.

"உங்க சட்டப்படிதான் எல்லாம் செஞ்சேன். இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் ஒரே நம்பர். முதல்ல நாற்பத்தொன்பதுலதான் வைக்கலாம்னு பாத்தேன். அங்கதான் உங்களோடது ஏற்கெனவே இருந்துச்சே... அதான் நாற்பத்தெட்டு."



"நாற்பத்தொன்பதா?" இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "அதுல என்ன மாப்ளே?"

"அது... ஒண்ணுமில்லை மச்சான். டெஸ்டிங்..."

"கதவு சென்சார் சார்," என்றார் மேனேஜர், உதவுகிற ஆர்வத்தில். "காம்பவுண்டுக்குள்ளயே இருக்கற இவர் குவார்ட்டர்ஸ் கேட்ல இருக்கு. கேட் திறந்தா இன்புட் ஒண்ணு ஆகும். உடனே அவுட்புட் ஒண்ணு ஆகும். படுக்கை ரூம்ல பஸ்ஸர். மத்த நாள்ல ஆஃப் பண்ணி வச்சிருப்பாரு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத்தான் அடிக்கும்!"

ரிஜிஸ்டர் தரையைப் பார்த்தார். தரை பிளக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை பத்து மணி..." இன்ஸ்பெக்டர் குரல் தாழ்ந்தது. "ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குத் தங்கச்சியைப் பாக்க வர்றேன். உங்ககிட்ட சொல்லணும்னு நல்ல நல்ல கேஸா யோசிச்சு வச்சுட்டு வர்றேன். ஒவ்வொரு தடவையும், 'இப்பதான்ணா வெளியே போனாரு'ன்னு சொல்றா. காபி டம்ளர் சூடா இருக்கும். ஆள் இருக்க மாட்டீங்க!"

அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைக் கேட்க ரிஜிஸ்டருக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

"கம்பெனி சென்சாரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். தப்புதான். விலங்கு மாட்டுங்க மச்சான். ஸ்டேஷனுக்குப் போலாம்."

இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைத் தட்டிவிட்டார்.

"ஸ்டேஷனா? அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா? இனிமே ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும், எனக்கு எதிர்ல நாற்காலி போட்டு உக்காரணும். தொண்ணூத்தெட்டுலேர்ந்து வரிசையா வருவேன். ஆயுள் தண்டனை!"

ரிஜிஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"மேல்முறையீடு பண்ணி இதைத் தூக்கா மாத்திக்க முடியுமா மச்சான்?"