ஓல்வர்டன் மாளிகையின் இடது கோடி ஜன்னல்

"நாளைக்குள்ள காலி பண்ணணுமாம் சார்! முப்பது வருஷம் சமைச்சுப் போட்டவளைத் திருடின்னு சொல்லித் துரத்துறாங்க!" என்றபடி துப்பறிவாளர் கெண்ட்ரிக்கின் அறைக்குள் வந்தாள் ஹெட்டி பிராஸர்.

ஓல்வர்டன் மாளிகையைப் பராமரிக்க முடியாமல், சென்ற வருடம்தான் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இப்படிப் போன எத்தனையாவது மாளிகையோ அது! மிச்சம் வாசல்கேட்டை ஒட்டிய சிறு வீடு. அதில் ஹெட்டி சாகும்வரை இருக்கலாமென்று, இறந்துபோன எஜமான் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது அவருடைய தம்பி மகன் லயனல், எஜமான் எழுதியதாகச் சொல்லி வேறொரு கடிதத்தோடு முளைத்திருக்கிறார்.

'மாடியில் இடது கோடி ஜன்னலருகே எழுதுகிறேன். ஹெட்டி பொட்டலத்தோடு தோட்டத்தைக் கடக்கிறாள். திருடிக்கு வீடு கிடையாது.'

கெண்ட்ரிக் நிதானமாகப் படித்தார். அவருடைய தங்கை டார்கஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இங்க்கைப் பாருண்ணா! கையெழுத்தைப் பாரு!"

"இரும்மா. ஹெட்டி, மாளிகை போட்டோ ஏதாவது இருக்கா?"

இரண்டு இருந்தன. ஒன்று 1922, இன்னொன்று 1949. வேலைக்காரர்கள் வரிசையாக நிற்க, பின்னால் மாளிகை. கெண்ட்ரிக் வெகுநேரம் பார்த்தார்.

"இந்த இடது கோடி ஜன்னல் இருக்கிற ரூமுக்குப் போயிருக்கீங்களா?"

"சமையல்காரி மாடிக்குப் போறதாவது! எனக்குக் கிச்சனும் பின்வாசலும்தான் சார்."

மறுநாள் காலை லயனல், ஹெட்டியின் சாமான்களை வெளியே எடுத்து வைக்க ஆட்களோடு வந்துவிட்டார்.

"கடுதாசி எழுதினப்போ நீங்க கூட இருந்தீங்களா?" என்றார் அங்கே காத்திருந்த கெண்ட்ரிக்.

"பெரியப்பா பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஒரே புழுக்கம். நாந்தான் அந்த ஜன்னலைத் தொறந்துவிட்டேன்."

"அப்போ பின்னாடி இருந்த செங்கல் சுவரை என்ன பண்ணீங்க?"

கெண்ட்ரிக் போட்டோக்களை நீட்டினார்.

"இருபத்தேழு வருஷ இடைவெளி. மத்த ஜன்னல்ல எல்லாம் திரை மாறியிருக்கு. இதுல மட்டும் அதே பாதித் திரை, அதே மடிப்பு. அது துணியில்ல, பெயிண்ட். வலது கோடியில ஜன்னல் இருந்தா இடது கோடியிலயும் இருந்தாத்தான் முகப்பு அழகுன்னு வெறும் சுவர்ல சட்டம் பதிச்சு வரைஞ்சு வெச்சிருக்காங்க. இடிச்ச மேஸ்திரிகிட்டயும் கேட்டுட்டேன். நீங்க தோட்டத்துலேருந்து பாத்ததோட சரி, மாடி ஏறினதே இல்ல. வீடுதான் போயிடுச்சே, யாரு வந்து பாக்கப்போறான்னு நெனச்சீங்க."

லயனல் கடிதத்தைக் கிழிக்கப் போனார். டார்கஸ் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

ஹெட்டிக்கு வீடு தப்பியது. ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"ஐயா அந்த ஜன்னல்லேருந்து பாக்குறாருன்னு பயந்து, முப்பது வருஷம் அந்தத் தோட்டத்துல ஒரு நிமிஷம் உக்காந்ததில்ல சார்! அந்த மாளிகையை இடிச்சப்போ வேற நின்னு அழுதேனே!"