மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி!

போன் அலறியது.

ஸ்டுடியோவின் உள் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் எரிச்சலோடு எடுத்தாள்.

"என்னக்கா?"

"அடியே... மருந்துக் கடை முதலாளியை யாரோ கொன்னுட்டாங்களாம்டி! குடோன்ல மண்டை உடைஞ்சு கிடக்கிறாராம்!"

"அய்யோ!"

"உங்க அத்தான் எங்க? காலையிலயே கிளம்பிட்டாரே?"

"இங்கதான்... முன்னால உட்கார்ந்து ஃபிலிம் கேமராவைத் துடைச்சுக்கிட்டிருக்கார். அவருக்கு வேற என்ன வேலை? வெச்சிடுக்கா, எனக்குத் தலைக்கு மேல வேலை."

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ஃப்ளாஷ். தொழிலுக்காக வைத்த பெயர் அல்ல. கோபம் அப்படி வரும்... பளிச்சென்று!

இந்த ஒரு மாதமாக அந்தக் கோபம் அணையவே இல்லை. டிஜிட்டல் கேமரா இல்லை என்றால் கல்யாண ஆர்டரே இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு ஃபிலிம் கேமராக்களை விற்றாள். ஸ்கூட்டரை விற்றாள். அப்படியும் புதிது வாங்க முடியவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு டிஜிட்டல் கேமராவின் பாடியை மட்டும் வாங்கி, தன்னிடம் மிஞ்சியிருந்த ஃபிலிம் காலத்து லென்ஸ்களையே அதில் மாட்டிக்கொண்டாள்.

வாங்கிய மறுநாளே பின்பக்க ஸ்க்ரீன் செத்துப் போயிற்று. அதோடு, எந்தப் படம் எடுத்தாலும் வலது மேல் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி!

ஸ்க்ரீனைக் காட்டியதுமே கடைக்காரன் கையை விரித்துவிட்டான்; புள்ளியைப் பற்றி அவனிடம் சொல்லவே இல்லை. வேறு யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால், இன்னும் ஃபிலிமிலேயே படம் எடுத்துக்கொண்டிருக்கும் அத்தான் கைகொட்டிச் சிரிப்பார். "டிஜிட்டலா? அது கேமரா இல்ல கண்ணு, டப்பா!" என்பது அவருடைய தினசரி மந்திரம்.

வாசலில் பூட்ஸ் சத்தம்.

இன்ஸ்பெக்டர்! பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"பயப்படாதீங்கம்மா. உங்க தொழில் சம்பந்தமா ஒரு சந்தேகம்."

அவர் மேஜை மேல் படங்களைப் பரப்பினார். குடோனின் பின்வாசல். மருந்துக் கடை முதலாளி தன் கையாலேயே காலாவதியான மருந்துப் பெட்டிகளுக்குப் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"த்தூ... இதைத்தான் எங்க பிள்ளைங்களுக்கு வித்தானா?" அவள் பொரிந்தாள்.

"பொணத்துக்குப் பக்கத்துல கிடந்துச்சு. இதைக் காட்டி எவனோ மிரட்டியிருக்கான். இவர் மசியல... மண்டையை உடைச்சுட்டான். அது கிடக்கட்டும். எல்லாப் படத்துலயும் இந்த மூலையில ஒரு புள்ளி இருக்கே... பிரிண்டர் கோளாறா?"

அவள் குனிந்து பார்த்தாள்.

படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள்.

வலது மேல் மூலை. அதே புள்ளி!

சொல்வதா, வேண்டாமா என்று அவள் தவிப்பதற்குள், இன்ஸ்பெக்டர் பின்னாலேயே உள்ளே வந்திருந்த அத்தான் தொண்டையைச் செருமினார்.

"சார்... என் வாயால இதைச் சொல்ல வேண்டியிருக்கே. இவ என் சம்சாரத்தோட தங்கச்சி. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவ. ஆனா போலீஸ்கிட்ட பொய் சொல்லக் கூடாதில்ல..."

"விஷயத்தைச் சொல்லுய்யா!"

"இவ கேமராவுல எடுக்கிற படத்துல எல்லாம் இதே மூலையில, இதே புள்ளி விழும் சார்."

"அத்தான்!"

இன்ஸ்பெக்டரின் பார்வை மாறியது.

"அந்தச் சுவரை ஒரு படம் எடும்மா."

எடுத்தாள். கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினாள். திரையில் வெள்ளைச் சுவர் விரிந்தது... மூலையில் புள்ளி!

"உள்ள சென்ஸார்ல தூசு ஒட்டியிருக்கு சார், துடைச்சும் போகல. ஃபிலிம்னா ஒவ்வொரு படத்துக்கும் புதுசு. இதுல இருக்கிறது ஒரே சென்ஸார். அதனால எல்லாப் படத்துலயும் விழும். ஆனா நான் இதை வாங்கியே ஒரு மாசம்தான் ஆகுது! எனக்கு முன்னால எவன் வெச்சிருந்தானோ..."

"பில்?"

"பழைய சாமானுக்கு ஏது சார் பில்?"

"நல்ல கதை. கிளம்பு... ஸ்டேஷன்ல பேசிக்கலாம்!"

கான்ஸ்டபிள் கேமராவின் பட்டையைப் பற்றினார்.

"கையை எடுங்க! அதுல என் சோறு இருக்கு! ஞாயித்துக்கிழமை ரெண்டு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்!"

அத்தான் அருகில் வந்து அவள் தலையைத் தடவினார்.

"அழாதே கண்ணு. நல்ல வக்கீலா பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை ஆர்டரை எல்லாம் நான் பார்த்துக்கறேன்... ஸ்டுடியோவையும்தான்."

ஸ்டுடியோவையும்தான்!

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"அத்தான்... என் படத்துல புள்ளி விழுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி? உன் ஆல்பத்துல பார்த்தேன்."

ஆல்பங்களை அள்ளி வந்து மேஜையில் போட்டாள். தடால்!

"எதுலன்னு காட்டுங்க!"

இன்ஸ்பெக்டர் புரட்டினார். ஒன்று... இரண்டு... மூன்று. பளிங்கு மாதிரி படங்கள். புள்ளியே இல்லை.

"நான் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டுத்தான் சார் வெளியே அனுப்புவேன். இதுவரைக்கும் புள்ளியோட ஒரு படம்கூட இந்த வாசலைத் தாண்டினது இல்ல!"

அத்தானின் நெற்றி வியர்த்தது.

"ஆங்... ஞாபகம் வந்துருச்சு. ஆல்பத்துல இல்ல. போன வாரம் நீ படம் எடுத்தப்போ கேமரா ஸ்க்ரீன்ல பார்த்தேன்."

"ஸ்க்ரீன்லயா? சார், அதை ஆன் பண்ணுங்க!"

இன்ஸ்பெக்டர் அழுத்தினார். கும்மிருட்டு. இன்னொரு தடவை அழுத்தினார்... அதே இருட்டு!

"வாங்கின மறுநாளே செத்துப் போச்சு சார். இவர் கேலி பண்ணுவாரேன்னு ஒரு மாசமா அந்த இருட்டையே பார்த்துத் தலையாட்டிக்கிட்டிருக்கேன்! இதுல புள்ளி இருக்குன்னு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு... இதைக் கடையில தள்ளிவிட்டவன்!"

"என்ன உளர்றே? நான் டிஜிட்டலைத் தொட்டதே இல்ல!"

"யோவ்!"

அத்தான் என்று வாய் நிறையக் கூப்பிட்டவளிடமிருந்து அந்த வார்த்தை வெடித்தது.

"கலர் ஃபிலிம்னா லேபுக்குக் குடுக்கணும், கழுவுறவன் பார்த்துடுவான். அதுக்குத்தானே திருட்டுத்தனமா டிஜிட்டல் வாங்கினே? ஆனா கம்ப்யூட்டரைத் தொட மாட்டே; கார்டை நேரா பிரிண்டர்ல செருகிப் படம் போட்டிருக்கே. புள்ளியை அழிக்கலாம்னே தெரியாம கேமராவையே கடையில தள்ளிவிட்டே! தினமும் அழிக்கிற நான் மிரட்டல் படத்துல மட்டும் விட்டு வெப்பேனா?"

அத்தான் பாய்ந்தார். வாசலை நோக்கி!

கான்ஸ்டபிள் காலை நீட்டினார். குப்புற விழுந்தார் மனிதர்.

வெளியே நின்ற அவருடைய ஸ்கூட்டர் பெட்டியை உடைத்தார்கள். புத்தம் புது டிஜிட்டல் கேமரா ஒன்று. துணியில் சுற்றிய, கேமராவை நிறுத்தும் குட்டி ட்ரைபாட் ஒன்று. அதன் கால் முழுக்க ரத்தம்!

"மத்தியானம் நீ சாப்பிடப் போனதும் உன் ரூம்ல வைக்க இருந்தேன்டி..." தரையில் கிடந்தபடியே உறுமினார். "ஊர்ல அந்த டப்பா வந்த நாள்லேருந்து என்னை ஒரு நாய் கூப்பிடல! நீயும் ஒண்ணு வாங்கினதும் எல்லாரும் உன்கிட்டதான் ஓடினாங்க! அந்த மருந்துக்காரன் என்னைப் பார்த்துச் சிரிச்சான்... 'போலீசுக்குப் போறேன்'னான். அடிச்சேன்!"

"என்னைக் கேட்டிருந்தா கம்ப்யூட்டரும் கத்துக் குடுத்திருப்பேன், ஆர்டர்ல பாதியும் குடுத்திருப்பேன். எங்கக்கா வாழ்க்கையைப் பாழாக்கிட்டியேய்யா!"

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

ஜீப்பில் அவரை ஏற்றினார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தபடி அவளிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கம்மா. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். உன் கேமராதான் கேஸுக்கே உயிர். எவிடென்ஸா எடுத்துட்டுப் போறேன்."

"அய்யோ சார்! எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"

"கேஸ் முடிஞ்சதும்."

"எப்போ முடியும்?"

இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். கான்ஸ்டபிள் தன் பூட்ஸைப் பார்த்தார்.

ஃப்ளாஷ் தோள் பையை மாட்டினாள். விறுவிறுவென்று நடந்து ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? இறங்கு!"

"முடியாது சார்! ஞாயித்துக்கிழமை கல்யாணக்காரங்களை ஸ்டேஷனுக்கே வரச் சொல்லிடறேன்... மாப்பிள்ளை, பொண்ணு பக்கத்துல நீங்களும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லுங்க!"